அமரம் தெரியாத துறைமுகத்துக்காரர்

மேஜை மேல் கிடக்கும் ஷிப்பிங் பில்களை அருமைநாயகம் அண்ணாச்சி இரண்டு கையாலும் ஒதுக்கி இடது ஓரத்தில் அடுக்குகிறார். மைப்புட்டிகள் இரண்டை ஒரு முழ இடைவெளியில் நிறுத்துகிறார். அடிக்கோலைக் கைக்குட்டையால் துடைத்து, புட்டிகளுக்கு நடுவே நீளவாட்டில் வைக்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவர் கொழும்புக்கு வெங்காயம் அனுப்ப வந்த ஏரல் வியாபாரி. அவருக்கு வேண்டியது ஒரே ஒரு கையெழுத்து.

"அண்ணாச்சி, லாரி வெயில்ல நிக்கி."

"நிக்கட்டும் வே. இங்கிலாந்துல என் போட்டும் இப்படித்தான் நின்னுச்சு. இந்த அடிக்கோலு போட்டு. இது முன்கதவு, இது பின்கதவு. இங்கன நிக்கேன் பாரும், அந்த மடப்பய நான்தான்."

அடிக்கோலின் பின்நுனியில் ஒரு குண்டூசியைக் குத்தப் பார்ப்பார். மரத்தில் அது இறங்காது. விழுந்துவிடும். "பாத்தீரா, ஊசியாக் கூட எனக்கு நிக்கத் தெரியல" என்பார்.

கடற்கரைச் சாலையில் இருக்கும் எங்கள் கிளியரிங் ஏஜென்சி ஆபீசில் அவர் தலைமை கிளார்க். நான் பக்கத்து மேஜை. அவர் இங்கிலாந்தில் படகு ஓட்டிய கதையை இந்த இரண்டு வருஷத்தில் நூறு முறையாவது கேட்டிருப்பேன். மற்றவர்கள் தங்கள் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அதில் அவர்களுடைய வீரம் ஒவ்வொரு முறையும் ஓர் அங்குலம் வளரும். அண்ணாச்சியின் கதையில் வளர்வது அவருடைய மடத்தனம். முதலில் ஒரு தூண்டில்காரரின் தூண்டிலைத்தான் முறித்தார். இப்போது அது மூன்று தூண்டிலாகவும், ஒரு பாதிரியாரின் தொப்பியாகவும் ஆகியிருக்கிறது.

வயது ஐம்பத்தாறு. ஒல்லியான உயரம். காது இரண்டும் கொஞ்சம் பெரிது, அதில் எப்போதும் ஒரு பென்சில். சொந்த ஊர் நாசரேத். முப்பத்து மூன்று வருஷமாகத் துறைமுக வேலை. எந்தக் கப்பல் எந்த நாட்டுக் கொடி, எத்தனை டன், சென்ற முறை சென்னா என்கிற நிலாவரை இலை எத்தனை பேல் ஏற்றியது, பனந்தும்பு எத்தனை கட்டு, எல்லாம் நாக்கு நுனியில் நிற்கும். ஆனால் ஒரு கப்பலில் கூட ஏறியதில்லை. கப்பல்கள் நடுக்கடலில் நிற்க, தோணிகள் சரக்கைக் கொண்டுபோய்க் கொடுத்த காலத்திலும் ஏறவில்லை. புதுத் துறைமுகம் வந்து கப்பல் கரையோடு ஒட்டி நிற்கிற இந்தக் காலத்திலும் ஏறவில்லை. ஜெட்டி மேடையில் நடந்தால் விளிம்பிலிருந்து பத்தடி தள்ளித்தான் நடப்பார்.

"எனக்குக் கப்பல்னா காயிதம்தான் வே. காயிதத்துல வரும், காயிதத்துல போவும். ஆனா நாசரேத்துல ஒரு கல்யாணத்துக்குப் போனேன்னு வையும், கடல்லயே பொறந்தவன் மாதிரில்லா பேசுவேன்! அங்க உள்ளவனுக்கு ஆழமான தண்ணின்னா கிணறு. அவன் என்னத்தைக் கண்டான்?"

இந்தப் பேச்சுத்தான் அவரைக் கொண்டுபோய் இங்கிலாந்துக் கால்வாயில் ஒரு படகின் பின்நுனியில் நிறுத்தியது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதில் மடப்பயல் நான்.

அண்ணாச்சிக்கு ஒரே மகள், ஜீவமணி. நர்ஸ் படிப்பு முடித்து இங்கிலாந்துக்கு வேலைக்குப் போனாள். எழுபத்திரண்டில் அங்கிருந்து ஒரு கடிதம் எழுதினாள். ரோச் என்பவரைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாக. ரோச்சுக்கும் ஊர் தூத்துக்குடிதான். தோணியில் தண்டலாக, அதாவது தோணியை நடத்திச் செல்லும் தலைவராக இருந்தவரின் மகன். கப்பல் எஞ்சினில் வேலை பார்த்து, பிறகு கரையேறி அங்கே ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். எங்கள் ஆபீசிலிருந்து அவர் வீடு நடந்து போனால் கால் மணி நேரம். அண்ணாச்சிக்கு அது இங்கிலாந்தை விடத் தூரமாக இருந்தது. அவர்கள் கத்தோலிக்கர், இவர் நாசரேத்துச் சி.எஸ்.ஐ. "அவுக வேற கோயில். நாம வேற கோயில். அவுக கடலு. நாம கரை" என்று மூன்று நாள் வெறும் காப்பியோடு கிடந்தார். நாலாம் நாள் என் மேஜைக்கு வந்தார்.

"வன்னியபெருமாளு, நீரு பத்திரிகைக்குக் கதை எழுதுதவரு. சூடா ஒரு கடிதாசி எழுதும்."

அப்போது என்னுடைய இரண்டு கதைகள் அச்சாகியிருந்தன. தலை கொஞ்சம் கனத்திருந்த காலம். ஒரு தகப்பன், மகள், அவர்களுக்கு நடுவே ஒரு பிளவு என்பதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. நல்ல ஒரு வாக்கியம் எழுதக் கிடைத்த சந்தர்ப்பமாகத்தான் பட்டது. 'கரையில் வீடு கட்டியவன் கடலோடு சம்பந்தம் பேசுவதில்லை. இனி உன் கடிதம் எதுவும் இந்த வீட்டில் பிரிக்கப்படாது' என்று எழுதினேன். எழுதிவிட்டு அதை இரண்டு தடவை சத்தமாக வாசித்தும் காட்டினேன். அண்ணாச்சி கண்ணை மூடிக் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு" என்று கையெழுத்துப் போட்டார்.

கல்யாணம் அங்கேயே நடந்தது. மூன்று வருஷம் அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சில்லை. மகளின் கடிதங்கள் அவர் மனைவி தேவகனி டீச்சரின் பள்ளிக்கூட விலாசத்துக்கு வந்துகொண்டிருந்தன. அது அண்ணாச்சிக்குத் தெரியும். தனக்குத் தெரியும் என்பது டீச்சருக்குத் தெரியும் என்பதும் தெரியும். வீடு அமைதியாக இருந்தது.

எழுபத்தைந்தில் இரண்டு விமான டிக்கெட்டுகளும் பத்து மாதக் குழந்தையின் போட்டோ ஒன்றும் வந்தன. டீச்சர் அவற்றை இந்த முறை பள்ளிக்கூடத்தில் ஒளித்து வைக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் கொண்டுவந்து வைத்தார்.

"ஸ்கூல்ல லீவு சொல்லியாச்சு. நீங்க வரலைன்னாலும் நான் போவேன்."

"அவ ஒத்தையில போயிருவாளேன்னு பயம்" என்பார் அண்ணாச்சி. "போனவ திரும்பி வராம அங்கனயே இருந்துட்டா? அது அதைவிடப் பயம். அதான் ஏறிட்டேன். பிளேன்ல கண்ணையே தொறக்கல. கீழ கடலாம்."

மகள் வீடு பர்மிங்ஹாம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். சின்ன வீடு. முன்னறையில் ஒரு சோபா, ஒரு டெலிவிஷன். அந்தச் சோபாவின் இரண்டு ஓரங்களில் மாமனாரும் மருமகனும் பத்து நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். மருமகனுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் அண்ணாச்சி நடுவில் கிடக்கும் குழந்தையிடம் சொல்வார். "உங்கப்பனை அந்த ஜன்னலைச் சாத்தச் சொல்லு, குளுருது." ரோச் எழுந்து சாத்துவார். பதிலாக ஒரு வார்த்தை கிடையாது. "பேசாம இருக்கதுல அவன் என்னைவிடக் கெட்டிக்காரன் வே. நானாவது பிள்ளைகிட்டப் பேசினேன்."

இந்த மௌனத்தை உடைக்க ஜீவமணி ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்த நாட்டில் பழைய சரக்குக் கால்வாய்களில் இப்போது வாடகைக்குப் படகு விடுகிறார்களாம். ஒரு வாரம் குடும்பத்தோடு படகிலேயே தங்கி, சமைத்து, தாங்களே ஓட்டிக்கொண்டு ஊர் சுற்றலாம். அப்பா துறைமுகத்து மனிதர், கணவன் தோணிக்காரர் மகன், இருவரையும் தண்ணீரில் ஏற்றிவிட்டால் பேச ஒரு விஷயம் கிடைத்துவிடும் என்று அவள் நம்பினாள். அவள் வளர்ந்தது நாசரேத்துக் கல்யாணப் பேச்சுகளைக் கேட்டுத்தான்.

படகு நாற்பத்தைந்து அடி நீளம், ஏழடி அகலம். "ஒரு ரயில் பெட்டியை எடுத்து ரெண்டு பக்கமும் அமுக்கின மாதிரி" என்பார் அண்ணாச்சி. உள்ளே அடுப்பு, கட்டில், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. பின்னால் ஒருவர் நிற்க இடம். அங்கே சுக்கானைத் திருப்புவதற்கு ஒரு நீளமான பித்தளைப் பிடி. படகுக்காரர் பைப் புகைக்கும் வயசான வெள்ளைக்காரர். எல்லோரையும் வரிசையாகப் பார்த்து, உங்களில் யாருக்குப் படகு பழக்கம் என்று கேட்டார். ரோச் குனிந்து குழந்தைக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தார். நிமிர்வதற்குள் அண்ணாச்சி முந்திவிட்டார்.

"தர்ட்டி ஒன் இயர்ஸ், சார். போர்ட் ஆஃப் டூட்டிகோரின்!"

"ஒரு எழுத்துப் பொய் கிடையாது வே. முப்பத்தொரு வருஷம். போர்ட்டு. என்ன வேலைன்னு அந்தாளு கேக்கல, நான் சொல்லல. உடனே பித்தளைப் பிடியை என் கையில தந்துட்டாரு. ஒரு மணி நேரம் விளக்கினாரு. பாதி இங்கிலீஷ் புரியல. புரியாததுக்கெல்லாம் 'எஸ், எஸ்'னேன். புரிஞ்சதுக்கும் 'எஸ்'ஸுதான். தண்ணியில விழுந்தா என்ன செய்யணும்னு கேட்டேன். எந்திரிச்சு நில்லுங்கன்னுட்டாரு. இடுப்பளவுதானாம்!"

பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் போகும். அதைத் தவிர அதில் கற்றுக்கொள்ள வேறொன்றும் இல்லை. அந்த ஒன்றைக் கற்க அண்ணாச்சிக்கு மூன்று நாள் போதவில்லை. நாணலுக்குள் புகுந்தார். பாலத்தை இடித்தார். படகின் வேகம் மணிக்கு நாலு மைல். கரையில் நாயோடு நடந்துபோன கிழவி ஒருத்தி அவரைக் கடந்துபோய், திரும்பி வந்து, மறுபடி கடந்துபோனாள். தூண்டில்காரர்கள் எழுந்து நின்று ஏதேதோ சொன்னார்கள். "நமக்கு வாழ்த்து சொல்லுதாங்கன்னு நானும் கையைக் காட்டினேன்."

ரோச் படகின் முன்பக்கம் கூரை மேல் வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஒரு நீளமான கழி. படகு கரையில் முட்டும்போதெல்லாம் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கழியை ஊன்றித் தள்ளிவிட்டு, மறுபடி உட்கார்ந்து வெங்காயத்தை எடுப்பார். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "நான் முட்டுவேன். அவன் தள்ளுவான். பேச்சுவார்த்தை கிடையாது. அது பாட்டுக்கு நல்லாத்தான் போயிக்கிட்டிருந்துச்சு."

மூன்றாம் நாள் பிற்பகல் ஒரு லாக்குக்கு வந்தார்கள். மைப்புட்டிகளின் வேலை இங்கேதான். மேட்டிலிருந்து பள்ளத்துக்குக் கால்வாய் இறங்க வேண்டிய இடத்தில் கல்லால் கட்டிய ஒரு பெட்டி மாதிரி இருக்கும். முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவை மூடிவிட்டு, முன்கதவில் உள்ள மடையை ஓர் இரும்புச் சாவியால் சுற்றித் திறக்க வேண்டும். தண்ணீர் வடிய வடியப் படகு கீழே இறங்கும். ஆபத்து ஒன்றே ஒன்றுதான். பின்கதவின் அடியில் தண்ணீருக்குள் ஒரு கல்படி நீட்டிக்கொண்டிருக்கும். படகின் பின்பக்கம் அதற்கு மேலே நின்றுவிட்டால், தண்ணீர் இறங்கும்போது பின்பக்கம் படியில் உட்கார்ந்துகொள்ளும். முன்பக்கம் மட்டும் இறங்கும். பிறகு படகு தலைகீழ்தான். அதற்காகச் சுவரில் ஒரு வெள்ளைக்கோடு போட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டி முன்னால் நிற்க வேண்டும் என்று படகுக்காரர் சொல்லியிருந்தார். அண்ணாச்சி 'எஸ்' சொன்ன விஷயங்களில் அதுவும் ஒன்று.

ரோச் முன்கதவு மடையைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஜீவமணி இன்னொரு சாவியோடு பின்கதவுப் பக்கம் கரையில் நின்றாள். தேவகனி டீச்சர் குழந்தையோடு படகுக்குள் இருந்தார். அண்ணாச்சி சுக்கான் பிடியோடு பின்னால். அப்போது வேடிக்கை பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி கரையில் நின்று, நீங்கள் எந்த ஊர் என்று கேட்டார்கள்.

"கேட்டதுதான் தாமசம். புது ஹார்பர் எப்பம் தொறந்தாங்க, எத்தனை பெர்த்து, வருசத்துக்கு எத்தனை டன்னு, ஒண்ணு விடல. அவுக தலையை ஆட்ட ஆட்ட எனக்குக் குஷி. போட்டு மெல்லப் பின்னால நகந்திருக்கு. எனக்கு டன்னேஜுதான் முக்கியம்."

அடியில் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. முன்பக்கம் லேசாகத் தாழ்ந்தது. முன்கதவிலிருந்து ரோச் கத்தினார்.

"அமரம்! அமரம் தட்டுது! முன்ன எடுங்க! அமரம்!"

கடல்புரத்தில் படகின் பின்பக்கத்துக்கு அமரம் என்று பெயர். துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் காகிதம் பார்த்த அண்ணாச்சிக்கு அந்தச் சொல் தெரியாது. அவர் பார்த்த காகிதங்களில் அது ஸ்டெர்ன் என்றுதான் இருந்தது.

"மூணு வருசமா வாயே தொறக்காதவன் மொதத் தடவையா வாயைத் தொறந்து 'அமரம், அமரம்'ங்கான். நான் என்ன நினைச்சேன் தெரியுமா? செத்தவங்களைத்தானே அமரர்னு போடுவாங்க. 'நீரு அமரராகப் போறீரு'ன்னு என்னைச் சபிக்கான்னு நினைச்சேன் வே! வந்த கோவத்துக்கு, பிடியை விட்டுட்டு இடுப்புல கை வச்சு நிக்கேன்!"

இந்த இடத்தில் கேட்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். வெங்காய வியாபாரி லாரியை மறந்துவிட்டார். அண்ணாச்சி அடிக்கோலின் முன்நுனியை ஒரு விரலால் அழுத்துவார். பின்நுனி மேலே கிளம்பும்.

பிறகு எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் நடந்தது. படகு முன்னால் சரிந்து, ஒரு பக்கமாகவும் சாய்ந்தது. உள்ளே பாத்திரங்கள் மொத்தமாகக் கொட்டும் சத்தம். முன்வாசல் வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறியது. "பிள்ளை! பிள்ளை!" என்று ஜீவமணி அலறினாள். அண்ணாச்சியின் கால் வழுக்கி, உடம்பு பாதி வெளியே போய், ஒரு கால் படகுக்கும் கல்சுவருக்கும் நடுவே தொங்கியது. கீழே தண்ணீர் கறுப்பாகச் சுழன்றுகொண்டிருந்தது. இடுப்பளவு தண்ணீர் இல்லை அது. இரண்டு ஆள் ஆழம்.

ரோச் முதலில் ஓடி வரவில்லை. முன்மடையை மூடினார். அதை மூடாமல் ஓடி வந்திருந்தால் படகு போயிருக்கும் என்பது அண்ணாச்சிக்குப் பிறகுதான் விளங்கியது. "மேல மடையைத் தெற ஜீவா, மெல்ல மெல்ல!" என்று மனைவிக்குச் சத்தம் கொடுத்துக்கொண்டே கரையோடு ஓடி வந்து, சாய்ந்து கிடந்த கூரை மேல் குதித்தார். அண்ணாச்சியின் காலரைப் பிடித்து இழுத்துக் கூரை மேல் போட்டார். "சாக்கு மூட்டையைப் போட்ட மாதிரி வே." அடுத்த நொடி உள்ளே இறங்கினார். டீச்சர் உயர்ந்திருந்த பக்கத்துக் கட்டிலில் கால்களை எதிரே முட்டுக்கொடுத்து, குழந்தையை மார்போடு கட்டிப் பிடித்து உட்கார்ந்திருந்தார். அடுப்பிலிருந்து கவிழ இருந்த வெந்நீர்க் கெண்டியை இன்னொரு கையால் தள்ளிப் பிடித்திருந்தார். ரோச் குழந்தையை வாங்கி மேலே நீட்டினார்.

"பிடிங்க மாமா."

பின்கதவிலிருந்த மேல்மடை வழியாகத் தண்ணீர் வந்தது. லாக் நிறைந்தது. படகு படியிலிருந்து ஒரு பெரிய சத்தத்தோடு விடுபட்டு நேராக மிதந்தது. ஒருவருக்கும் உயிர்ச்சேதமில்லை. டீச்சரின் இடது உள்ளங்கை கொப்பளித்திருந்தது. ஊரிலிருந்து கொண்டுபோன நல்லெண்ணெய் முழுவதும் படுக்கை மேல். குழந்தை மட்டும் ஏதோ விளையாட்டு முடிந்துவிட்ட ஏமாற்றத்தில் அழுதது.

கரைப் புல்லில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். வெள்ளைக்காரத் தம்பதி எங்கிருந்தோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். ஜீவமணி அழுதுகொண்டே அம்மாவின் கையில் மருந்து போட்டாள். டீச்சர் கணவரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"முப்பத்தொரு வருசமா போர்ட்டுல என்னத்தத்தான் பாத்தீங்க?"

"பேப்பரு" என்றார் அண்ணாச்சி.

மருமகன் அவருக்கு நாலடி தள்ளி, நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். அண்ணாச்சி மூன்று வருஷத்தில் முதல்முறையாக அவரிடம் நேரே பேசினார். மன்னிப்பு, நன்றி, அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை.

"அமரம்னா என்னது?"

"பின்பக்கம், மாமா."

"அதை ஸ்டெர்ன்னு சொல்லப்படாதா?"

ரோச் சட்டையை உதறினார். "அந்த நேரத்துல இங்கிலீஷ் வரல மாமா" என்றார்.

முதலில் சிரித்தது யார் என்பதில் மட்டும் கதை ஒவ்வொரு முறையும் மாறும். டீச்சர் என்பார் ஒரு நாள். தான் என்பார் இன்னொரு நாள். சிரித்தது உண்மை. கொஞ்ச நேரத்தில் அந்த வெள்ளைக்காரர்கள் கூட, எதற்கென்று தெரியாமலே சிரித்தார்களாம்.

மறுநாள் காலை அண்ணாச்சி சுக்கான் பக்கமே போகவில்லை. முன்னால் கூரை மேல் போய் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கத் தொடங்கினார். ரோச் வந்து கையைப் பிடித்துப் பின்னால் அழைத்துப்போனார். "கையைப் பாக்காதீங்க மாமா. முன்ன அணியத்தை, அந்த மூக்கைப் பாருங்க. போட்டு திரும்புத வரைக்கும் பொறுங்க. நீங்க அவசரப்படுதீங்க." அன்று ஒன்பது மைல் போனார்கள். இரண்டே இரண்டு இடத்தில்தான் முட்டினார்கள். பேச நேரம் நிறைய இருந்தது. அப்போதுதான் அண்ணாச்சி பழைய கடிதத்தைப் பற்றித் தானாகவே சொன்னார்.

"அந்தக் கடிதாசியை நான் எழுதல மாப்ளே. எங்க ஆபீசுல வன்னியபெருமாளுன்னு ஒருத்தரு. கதை எழுதுதவரு. அவரு எழுதினாரு. நான் கையெழுத்துதான் போட்டேன்."

முப்பத்தொரு வருஷ நட்பு என்றால் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார். எனக்குப் பத்து வருஷம்தான்.

ரோச் சுக்கான் பிடியை ஒரு கையால் கொஞ்சம் திருத்தி வைத்தாராம். பிறகு, 'கரையில் வீடு கட்டியவன்' என்று தொடங்கி, கடைசி வரி வரை ஒரு சொல் பிசகாமல் சொன்னாராம். "தமிழ் நல்லா இருந்துச்சு மாமா" என்றாராம்.

என் எழுத்தில் ஒரு வரியை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய வாசகர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். இதை அண்ணாச்சி முதன்முதலில் என்னிடம் சொன்ன அன்று நான் மேஜை டிராயரைத் திறந்து, இல்லாத ஒரு பேனாவை வெகுநேரம் தேடினேன். அதற்குப் பிறகு யாருக்கும் கடிதம் எழுதிக் கொடுப்பதில்லை. மனு என்றால் கூட, பக்கத்துக் கட்டிடத்தில் டைப்பிஸ்ட் இருக்கிறார் என்று அனுப்பிவிடுவேன்.

ஆபீசில் கதை படகைத் திருப்பிக் கொடுப்பதோடு முடியும். வெங்காய வியாபாரிக்குக் கையெழுத்துக் கிடைக்கும். லாரி கிளம்பும். அதற்கு மேல் அண்ணாச்சி யாருக்கும் சொல்வதில்லை. அவர் பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில் நான் சொல்கிறேன்.

ஊர் திரும்பும்போது ரோச் தன் தாயாருக்கு ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தார். கம்பளிச் சால்வை ஒன்று, குழந்தையின் படங்கள் நாலு. அண்ணாச்சி வந்து சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மழை என்றார். இரண்டாவது ஞாயிறு மழை பெய்யவில்லை. தலைவலி வந்தது. மூன்றாவது ஞாயிறு சர்ச் முடிந்து நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டார், பொட்டலம் கக்கத்தில்.

"நீரு எழுதின கடிதாசிதானே. நீரும் வாரும்."

டீச்சர் முன்னால் நடந்தார். நாங்கள் இரண்டு பேரும் பின்னால், ஸ்கூல் இன்ஸ்பெக்டர் முன் போகிற பையன்கள் மாதிரி. தெரு முனையில் தேவையில்லாமல் நின்று ஒரு சோடா குடித்தோம். அண்ணாச்சி வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். முதலில் வணக்கம். அப்புறம் பொட்டலம். அப்புறம் படகுக் கதை. "சிரிக்க வச்சிட்டோம்னா பாதிக் கோவம் போயிரும் வே. நம்மகிட்டத்தான் சிரிக்கதுக்கு நிறைய இருக்கே."

ஓட்டு வீடு. வாசலில் வலை காய்ந்தது. ரோச்சின் தாயார் மிக்கேலம்மாள் உள்ளே சுளகில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். டீச்சரைக் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். அண்ணாச்சியைப் பார்த்து, "வாங்க" என்றார். அவ்வளவுதான். அந்த 'வாங்க'வில் குறையும் இல்லை, கூடுதலும் இல்லை. பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். சால்வையைப் பிரிக்கவில்லை. படங்களைப் பிரித்தார். ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். நாலில் ஒன்றில் கூட ரோச் இல்லை. படம் எடுத்தவர் அவர்.

"எம்மவன் எப்படி இருக்கான்?" என்று கேட்டார். டீச்சரிடம் இல்லை. அண்ணாச்சியிடம். "அங்கன போயி மாறிட்டானா? பார்த்து ஆறு வருசமாச்சு."

அண்ணாச்சி எழுந்து நின்றார். எனக்குத் தெரிந்து, வாய் திறந்து அதிலிருந்து ஒன்றும் வராமல் அவர் நின்றது அந்த ஒரு தடவைதான். சுவரில் தண்டல் தொப்பியோடு ரோச்சின் தகப்பனார் போட்டோவாக இருந்தார். நான் எடுத்துக் கொடுக்கலாமா என்று பார்த்தேன். நான் எடுத்துக் கொடுத்த வார்த்தைகளின் லட்சணம் நினைவுக்கு வந்தது.

அவர் சட்டையின் மேல் பொத்தான்கள் இரண்டைக் கழற்றினார். காலரைப் பின்னால் இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பினார். காலர் மறைத்திருந்த வலது தோளிலிருந்து முதுகை நோக்கி, நாலு விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு. இன்னும் சிவப்பு மாறவில்லை. இரண்டு பக்கமும் தையல் புள்ளிகள். காலரைப் பிடித்து இழுக்கும்போது ரோச் கையில் மடைச்சாவி இருந்திருக்கிறது, அது கிழித்த காயம். அதற்குள்ளேயே இருபது முறை கதை கேட்டிருந்த எனக்கு அது தெரியாது.

"இங்கனதாம்மா பிடிச்சான்" என்றார்.

மிக்கேலம்மாள் குள்ளமான மனுஷி. அண்ணாச்சி முழங்காலை மடக்கி, அந்த அம்மாளின் கைக்கு எட்டும்படி தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றார். அந்த அம்மாள் மீன் கையை முந்தானையில் இரண்டு முறை துடைத்து, ஒரு விரலை அந்தத் தழும்பில் வைத்து, மேலிருந்து கீழ்வரை தடவி முடிக்கும் மட்டும் அவர் நிமிரவில்லை.